'ஃபங்ஷனிங்': செயல்திறனா, புழக்கநிலையா?

அனைவருக்கும் வணக்கம்.

மனநல அளவுகோல்களில் வரும் 'ஃபங்ஷனிங்'குக்கு, அதாவது ஒருவர் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு நடத்திக்கொள்கிறார் என்பதற்கு, தமிழ்ச் சொல்லாகச் 'செயல்திறன்' என்று நம் குழுவின் போன மடலில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. அதைக் கேட்டால் மோட்டார் பம்புதான் நினைவுக்கு வருகிறது. 'செயல்பாடு' பரவாயில்லை, ஆனால் சிறுநீரகத்துக்கும் அதுதான், அரசாங்கத்துக்கும் அதுதான்.

கடலூர் முதுநகரில் நான் பார்த்துவரும் ஒருவருக்குப் பல வருஷமாக மனச்சிதைவு. காதில் குரல் இன்னும் கேட்கிறது, சில நாள் அதற்குப் பதிலும் சொல்வார். ஆனால் விடியுமுன் துறைமுகத்துக்குப் போய் ஐஸ் பெட்டி தூக்குகிறார். டீக்குப் பத்து ரூபாய் எடுத்துக்கொண்டு மீதிக் கூலியை அம்மாவிடம் எண்ணித் தருகிறார். பழைய ஜிஏஎஃப் அளவுகோலில் நோய்க்குறி எவ்வளவு, நடப்பு வாழ்க்கை எப்படி என்று இரண்டையும் பார்த்து, எது மோசமோ அதையே 100க்கு மதிப்பெண்ணாகப் போடுவார்கள். குரல் கேட்கிறதா, சரி, ஐஸ் பெட்டி கணக்கில் வராது. 2013இல் அமெரிக்க மனநோய்க் கையேடான டிஎஸ்எம்-5 அந்த அளவுகோலைக் கைவிட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

அவருடைய அம்மா சொன்னது: "இப்ப நாலு பேரோட புழங்குறான்." அதை வைத்துப் 'புழக்கநிலை' என்கிறேன்.

(கடலூர், மஞ்சக்குப்பம்)

—

தம்பி, சொல் அழகுதான். ஆனால் 'அவங்க வீட்டுல நாங்க புழங்க மாட்டோம்' என்பதை யார் யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாடை நமக்கு வேண்டாம்.

அப்புறம், மனநோயால் வரும் குறைபாட்டை அளக்கும் நம் நாட்டு ஐடியாஸ் அளவுகோலில் நான்கு பகுதிகள்: தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை. புழக்கம் இரண்டாவதற்குத்தான் பொருந்தும். குளிக்காமல் நாலு பேரோடு புழங்குகிறவரை எங்கே வைப்பீர்கள்?

இங்கே புதுச்சேரியில் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் வீட்டுக்காரர்கள் 'அவன் பாட்டை அவனே பார்த்துக்கிறான்' என்பார்கள். குளியல், சோறு, வேலை, மனிதர்கள் எல்லாம் அந்தப் 'பாடு'க்குள் அடக்கம். 'அன்றாடப்பாடு' என்று வைத்தால் என்ன?

—

அக்கா, சாதி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. புழக்கநிலையைத் திரும்பப் பெறுகிறேன்.

அன்றாடப்பாடு பிடித்திருக்கிறது. துறைமுகத்தில் 'மீன்பாடு எப்படி' என்று கேட்டே பழகிய காது! ஒரே சிக்கல்: 'அன்றாடப்பாட்டு மதிப்பெண்' என்று எழுதினால் பாட்டுப் போட்டி மாதிரி ஆகிவிடும். 'அன்றாடப்பாடு அளவு' என்றே வைத்துக்கொள்வோம்.

இன்னொன்று. ஜிஏஎஃப்பில் எண் ஏறினால் நல்லது. ஐடியாஸில் ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 4 வரை, 0தான் நலம். மகனுக்கு மொத்தம் 14 வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்ட ஒரு அப்பாவிடம், அது தீவிரக் குறைபாடு என்று விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. அதனால் ஏறுமுக எண்ணுக்கு 'அன்றாடப்பாடு அளவு', ஐடியாஸ் மாதிரியானவற்றுக்கு 'அன்றாடப்பாடு குறைவு' என்று இரண்டாகவே நம் சொற்பட்டியலில் ஏற்றலாமா?