ஃபைபர் கயாக் செய்கிறேன், படகு வேலை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். பழவேற்காடு ஏரியில் ஓட்ட, 14 அடியில் ஒற்றை ஆள் கயாக் (ஒடுக்கமான துடுப்புப் படகு) ஒன்றைக் கையாலேயே செய்துகொண்டிருக்கிறேன். சோதனை மாதிரிதான், ஆனால் நன்றாக வரவேண்டும். அச்சு மரத்தில்; தெர்மாகோலில் செய்தால், ஃபைபரைப் பிணைக்கப் பூசும் பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் அதைக் கரைத்துவிடும். மெழுகு போட்டுத் தேய்த்ததில் இப்போது முகம் தெரிகிறது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடியிழை மேட் இரண்டு அடுக்கு போதுமா, நடுவே ரோவிங் துணி (கண்ணாடியிழையில் நெய்த தடித்த துணி) வைக்கணுமா? மேட் ரெசினை ரொம்பக் குடிக்கும், எடை ஏறும். 20 கிலோவுக்குள் முடிக்க ஆசை. அடிப்பகுதிக்கும் இருக்கைக்குக் கீழேயும் மட்டும் கூடுதல் அடுக்கு கொடுக்கலாமா?

பெரிய கவலை, மேல் பாதியையும் கீழ் பாதியையும் உள்ளிருந்து ஒட்டுவது. முனைகளில் கை எட்டாது. குச்சியில் பிரஷ் கட்டிப் பூசலாமா? மீனவர் படகு வார்க்கும் அண்ணன்மார் யாராவது இருந்தால், இந்த வெயிலுக்கு ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் எவ்வளவு விடுவீர்கள் என்றும் சொல்லுங்கள்.