மேடையில் கையை ஆட்டிப் பேசலாமா?

கோத்தகிரிக்குளிர்:
பச்சைத் தேயிலை விலைக்காக எங்கள் ஊரில் ஒரு கூட்டம். பேசினவர் நல்ல விவரமானவர்தான், ஆனால் மைக் பிடித்த கையையும் சேர்த்து ஆட்டிக்கொண்டே இருந்ததால் ஒரு வார்த்தை காதில் விழும், அடுத்தது காற்றோடு போய்விடும். கிலோவுக்கு எவ்வளவு கேட்கிறோம் என்பதே பின்வரிசைக்கு வந்து சேரவில்லை. மேடை ஏறினால் கையைக் கட்டிக்கொண்டு பேசுங்கப்பா.

குன்னூர்_டீச்சர்:
சார், அது மைக் பிடிக்கத் தெரியாததால் வந்த வினை. மைக்கை மோவாய்க்குக் கீழே ஒரு கையில் அசையாமல் வைத்துக்கொண்டு மற்ற கையை அதன் போக்கில் விட்டால் போதும். பிறவியிலேயே பார்வையில்லாத பிள்ளைகள்கூடப் பேசும்போது கையை அசைக்கிறார்கள், அதுவும் எதிரில் இருப்பவருக்கும் கண் தெரியாது என்று சொன்ன பிறகும். 1998இல் நேச்சர் அறிவியல் இதழில் ஐவர்சன், கோல்டின்-மெடோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதியது இது. பார்க்க ஆளில்லாதபோதும் கை அசைகிறது என்றால் அது வெறும் அலங்காரம் இல்லையே.

மலைரயில்:
கம்பெனி டிரெய்னிங்கில், நாம் சொல்வது போய்ச் சேர்வதில் 93 சதவீதம் உடல்மொழிதான் என்றார்கள். வார்த்தைக்கு வெறும் 7. அப்படி இருக்க கையைக் கட்டச் சொன்னால் எப்படி?

குன்னூர்_டீச்சர்:
நீங்கள் என் கட்சிதான், ஆனாலும் இந்தக் கணக்கு வேண்டாம். 1967இல் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் இரண்டு சோதனைகளில் ஒற்றை ஒற்றைச் சொல்லாக, குரலையும் முகத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இரண்டையும் சேர்த்து அவர் போட்ட கணக்கு சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55; குரலையும் முகத்தையும் கூட்டினதுதான் உங்கள் 93. கை அதில் எங்கேயும் இல்லை! 93 நிஜமென்றால் ஊட்டிக்கு வரும் எந்த வெளிநாட்டுக்காரர் பேச்சும் நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

கோத்தகிரிக்குளிர்:
அப்படியே இருக்கட்டும். ஆனால் பள்ளிப் பேச்சுப்போட்டியைப் பார்க்கிறீர்களா டீச்சர்? 'வானம்' என்றதும் விரல் மேலே, 'தமிழ்' என்றதும் கை நெஞ்சில், எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி. வார்த்தையைச் சொல்லி முடித்து அரை நொடி கழித்து, நினைவு வந்து, கை எழும்புகிறது. பார்க்கவே பாவமாக இருக்கிறது. இதைச் சொல்லிக் கொடுப்பது உங்கள் ஆட்கள்தானே?

குன்னூர்_டீச்சர்:
சொல்லிக் கொடுக்கிறோம், மறுக்கவில்லை. தானாக வரும் அசைவு சொல்லோடு சேர்ந்து, பல சமயம் அதற்கு ஒரு கணம் முன்னாலேயே கிளம்பிவிடும். மனப்பாட அசைவு பின்னால் ஓடி வருவதால்தான் பொய்யாகத் தெரிகிறது. அதற்கு மருந்து கையைக் கட்டுவதில்லை சார். அதே பிள்ளையை, மத்தியானம் காட்டெருமை எப்படித் தோட்டத்துக்குள் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். கொம்பின் அகலம், வேலி சாய்ந்த பக்கம், தான் ஓடின திசை எல்லாம் கையிலேயே வரும், யாரும் சொல்லித் தரவில்லை.

கூடலூர்காரி:
அந்தக் கையைத்தான் போட்டியில் நடுவர்கள் ஒத்துக்கொள்வதில்லையே. எங்கள் ஊர்ப் போட்டியில் உடல்மொழிக்குத் தனி மதிப்பெண் வைத்திருந்தார்கள். அது இருக்கிறவரை வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை நடக்கத்தான் செய்யும்.

கோத்தகிரிக்குளிர்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். முதலில் அந்த மதிப்பெண்ணை எடுங்கள், கையைப் பற்றி அப்புறம் பேசலாம்.