அப்டேட்: கல்லடி வீட்டு கொத்து பெண்டன்ட் லைட்

ஹோலுக்கு நடுவில ஒரு கொத்து பெண்டன்ட் (சீலிங்கில இருந்து கொத்தாத் தொங்குற கன லைட்) மட்டும் போட்டா வெளிச்சம் காணுமா எண்டு முதல் கேட்டிருந்தன், கனபேர் காணாது எண்டீங்க, உண்மைதான்.

இப்ப அத சாப்பாட்டு மேசைக்கு மேல போட்டாச்சு. மேசையில இருந்து 75-90 சென்ரிமீற்றர் உயரம் எண்டுதான் பொதுவான கணக்கு, கொத்தில ஒவ்வொண்டும் ஏறி இறங்கித் தொங்குறதால ஆகக் கீழ நிக்கிறத வச்சு அளந்தம், எதிர்ல இருக்கிற ஆள்ர முகம் மறைக்கல்ல, கண்ணும் கூசல்ல, சோறு கறி எல்லாம் அவ்வளவு வடிவாத் தெரியுது!

பொது வெளிச்சத்துக்கு சீலிங் லைட், அம்மா தைக்கிற மூலைக்கு ஸ்டாண்ட் லைட், சுவர்ப் படத்துக்கு சின்ன ஸ்பொட். எல்லாத்துக்கும் தனித்தனி சுவிட்ச், அது கட்டாயம் வேணும். பல்ப் எல்லாமே 2700 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம், வெள்ளையும் மஞ்சளும் கலந்தா எனக்குப் பிடிக்காது.

டிம்மர் (வெளிச்சத்தக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச்) போடுறவங்க டிம் பண்ணக்கூடிய எல்ஈடியா எண்டு பெட்டியில பாத்து வாங்குங்க, இல்லாட்டி லைட் விட்டு விட்டு மினுங்கும். மறுகா, கொத்து நல்ல பாரம், சீலிங் சீட்ல தொங்க விடாம மேல மரத்தில கொளுக்கி போடச் சொல்லுங்க. கடற்கரைப் பக்கம் உப்புக்காத்துக்கு இரும்பு கெதியா துருப்பிடிக்கும், நாங்க பிரம்புக் கூடுதான் எடுத்தம்.