வின்டோஸ் அப்டேட் ஏறவே மாட்டேங்குது, 80070643னு வருது

பட்டர்வொர்த்_பையன்:
வணக்கம், அக்காவோட லேப்டாப்பு, வின்டோஸ் 10, டியூஷன் எடுக்க இதைத்தான் வச்சிருக்காங்க. மத்த அப்டேட் எல்லாம் ஒழுங்கா ஏறுது, 2024 ஜனவரில வந்த கேபி5034441 மட்டும் டவுன்லோட் ஆகி இன்ஸ்டால்னு ஓடி கடைசில 80070643னு காட்டி நின்னுடுது. சி டிரைவ்ல 60 ஜிபி சும்மாதான் கெடக்கு. கடையில கேட்டா ஃபார்மெட் அடிக்கணும் 100 வெள்ளிங்கறாங்க. வேற வழி இருக்கா?

செந்தூல்காரன்:
தம்பி, சர்வீசஸ்ல போய் வின்டோஸ் அப்டேட்டையும் பிட்ஸையும் (பின்னாடி டவுன்லோட் பண்ற சர்வீஸ்) நிறுத்து, வின்டோஸ் ஃபோல்டர்ல சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன்னு ஒன்னு இருக்கும், அதோட பேர மாத்திட்டு ரீஸ்டார்ட் போடு. எனக்கு எப்பவும் இதுலயே சரியாயிடும்.

கேஎல்_நைட்ஷிஃப்ட்:
அண்ணே சொன்னது டவுன்லோட் பாதில கெட்டுப்போன கேஸுக்கு நல்ல வழி, இங்க உதவாது லா. இந்த அப்டேட் போய் உட்கார்றது சி டிரைவ்ல இல்ல, ரெக்கவரி பார்ட்டிஷன்ல, அதாவது வின்டோஸ் கெட்டுப்போனா சரி பண்ண டிஸ்க்ல தனியா ஒதுக்கி வச்சிருக்கற இடத்துல. அதுல 250 எம்பி காலியா இருக்கணும். நெறைய மெஷின்ல அந்த பார்ட்டிஷனே 500 எம்பிதான், அதுவும் ஏறக்குறைய நெறஞ்சிருக்கும், அதான் சி டிரைவ்ல எவ்ளோ இடம் இருந்தாலும் ஃபெயில் ஆகுது. டிஸ்க் மேனேஜ்மென்ட்ல பாத்தா 100 சதவீதம் காலினு காட்டும், அத நம்பாத. இதுக்குப் போய் ஃபார்மெட்டா, அதுவும் 100 வெள்ளிக்கு!

மொதல்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா தொறந்து ரீஏஜென்ட்சி ஸ்லாஷ் இன்ஃபோ (reagentc /info) அடி, ரெக்கவரி ஓடுதா இல்லையானு காட்டும். டிசேபிள்ட்னு வந்தா இந்த அப்டேட் உனக்குத் தேவையே இல்ல, எர்ரர கண்டுக்காம விட்டுடலாம்னு மைக்ரோசாஃப்டே சொல்லிட்டாங்க. எனேபிள்ட்னு வந்தா அத டிசேபிள் பண்ணி, டிஸ்க்பார்ட்ல (பார்ட்டிஷன மாத்தற கமாண்ட்) சி டிரைவ 250 எம்பி சுருக்கி, பழைய ரெக்கவரி பார்ட்டிஷன அழிச்சு பெருசா ஒன்னு போட்டு, திரும்ப எனேபிள் பண்ணணும். தப்பான பார்ட்டிஷன அழிச்சா அக்காவோட நோட்ஸ் எல்லாம் காலி, அதனால ஃபைல் எல்லாத்தையும் வெளி டிரைவ்ல எடுத்து வச்சிட்டு கை வை. டிரைவ பூட்டி வைக்கற பிட்லாக்கர் போட்டிருந்தா கீயையும் எழுதி வச்சுக்கோ.

ஜெலுத்தோங்_அக்கா:
இடையில பேசறேன் மன்னிச்சுக்கங்க, எனக்கு 80070070னு வருது, அதுவும் இதேதானா?

கேஎல்_நைட்ஷிஃப்ட்:
இல்லக்கா, அது நெஜமாவே சி டிரைவ்ல இடம் பத்தல. செட்டிங்ஸ்ல ஸ்டோரேஜ், அதுல டெம்பரரி ஃபைல்ஸ் போய் சுத்தம் பண்ணுங்க. ஆனா அந்த லிஸ்ட்ல டவுன்லோட்ஸ்னு ஒன்னு இருக்கும், அத டிக் பண்ணிடாதீங்க.

பட்டர்வொர்த்_பையன்:
அண்ணே அடிச்சுப் பாத்தேன், டிசேபிள்ட்னுதான் வருது. அப்ப அப்படியே விட்டுடவா?

கேஎல்_நைட்ஷிஃப்ட்:
விட்டுடு. மத்த அப்டேட் எல்லாம் ஏறிடுச்சுல்ல, அது போதும். வின்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட்டே 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, அந்த 100 வெள்ளிய அடுத்த லேப்டாப்புக்கு வச்சுக்க சொல்லு.