ரத்தப் பையை வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கேள்வி: நாளைக்கு அம்மாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன். சின்ன ஆஸ்பத்திரி, ரத்த வங்கி கிடையாது. 2 யூனிட் நானே வாங்கிட்டு வரணுமாம். பைக்கில் 40 நிமிஷம். இன்னைக்கே வாங்கி ராத்திரி வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம் தம்பி. ரத்த வங்கி லேபில் 14 வருஷமா இருக்கேன். சிவப்பணு 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்கணும். வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் சூடு ஏறி இறங்கும். கிராஸ் மேட்ச் (அம்மா ரத்தத்தோட பொருந்துதான்னு பார்க்கிற டெஸ்ட்) முடிச்சு உங்க பேர்ல அங்கேயே எடுத்து வைக்கச் சொல்லுங்க. காலையில் ஐஸ் பெட்டியோட போய் வாங்குங்க. வழியில் 10 டிகிரி தாண்டக் கூடாது. ஐஸ், ரத்தப் பை மேல நேரா படவும் கூடாது, நடுவுல அட்டை வைங்க. உறைஞ்சா அணுக்கள் உடைஞ்சிடும், அதை ஏத்தினா உயிருக்கே ஆபத்து. ஒரு மே மாசம் ஒருத்தர் ஸ்கூட்டர் டிக்கியில் வெச்சுக் கொண்டுபோன பையைத் திருப்பிக் கொண்டுவந்தார். தூக்கித்தான் போட்டேன். யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம், இன்னும் மனசு ஆறலை.

பதில் 2: நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஏத்த ஆரம்பிச்சா 4 மணி நேரத்துல முடிக்கணும். சூடு பண்றேன்னு வெந்நீர்ல போட விடாதீங்க. தட்டணு (பிளேட்லெட்) கேட்டாங்கன்னா அதுக்கு ஐஸே ஆகாது, 20–24 டிகிரி.

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ரத்த வங்கிக்கு போன் பண்ணிட்டேன். காலை 6 மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. பெட்டியும் அவங்களே தர்றாங்களாம்.