புதுப்பிப்பு: தாத்தாவின் கைரம்பமும் நான் வாங்கிய புதியதும்

தாத்தாவின் கைரம்பம் மழுங்கியதால் புதிதாக ஒன்று வாங்கியதையும், அது எட்டே மாதத்தில் வேப்பம்பலகையில் வழுக்கத் தொடங்கியதையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். அரம் போட்டுத் தீட்டிப் பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள், முயன்றுவிட்டேன்.

புதிய ரம்பத்தின் பல்லில் முக்கோண அரம் கடிக்கவே இல்லை. கண்ணாடியில் உரசுவதுபோல் கிறீச்சிட்டு வழுக்கியது. மழுங்கியது அரத்தின் விளிம்புதான். பல் நுனிகள் மட்டும் கருநீலமாக இருப்பதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. மின்தூண்டலால் நுனிகளை நொடிப்பொழுதில் சூடேற்றிக் குளிரவைத்துக் கடினப்படுத்துகிறார்கள். அதனால் கூர் நெடுநாள் நிற்கிறது, ஆனால் போன கூரை அரத்தால் மீட்க வழியில்லை. உறையில் இதை ஒரு வரி அச்சிட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

தாத்தாவின் ரம்பத்தில் அரம் வெண்ணெயாக இறங்கியது என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒவ்வொரு தள்ளலிலும் பளபளவென்று பொடி உதிர்ந்தது. பற்களை மாறி மாறி இடமும் வலமும் சற்றே சாய்த்த பிறகு, அதே வேப்பம்பலகையைச் சிக்காமல் அறுத்தது.

பிளைவுட்டுக்குப் புதிய வகையே ஏற்றது. அதிலுள்ள பசை பழைய பற்களை விரைவில் மழுக்கிவிடும். மழுங்கிய புதிய ரம்பத்தின் தகட்டை வெட்டி, மரப்பரப்பைச் சுரண்டி மெருகேற்றும் தகடாக்கிக்கொண்டேன்.