ஜிக் மொழியில் எழுதிய சோதனைகளை ஆப்ஜெக்ட் கோப்பாக மட்டும் பெற முடியுமா?

கேள்வி

வணக்கம். ஈஎஸ்பி32-சி3 சில்லுக்கான ஒரு ஃபர்ம்வேரில், சென்சார் அனுப்பும் பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் பகுதியை மட்டும் ஜிக் மொழியில் எழுதியிருக்கிறேன். மற்றவை சி மொழியில், ஈஎஸ்பி-ஐடிஎஃப்பின் (அச்சில்லுக்கான அதிகாரபூர்வ மேம்பாட்டுத் தொகுப்பு) சிமேக் பில்ட் அமைப்பில் உள்ளன. ‘ஜிக் டெஸ்ட்’ கட்டளை லிங்க் வரை (கம்பைல் மட்டும் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒன்றாக இணைப்பது வரை) தானே செய்து முழு நிரலைத் தந்துவிடுகிறது. லிங்கர் ஸ்கிரிப்டும் தொடக்க நிரலும் ஐடிஎஃப் வசம் இருப்பதால், இறுதி லிங்க்கை அதுவே செய்தாக வேண்டும். இந்நிலையில் சோதனைகளைச் சில்லிலேயே ஓட்ட என்ன வழி?

மறுமொழி 1

அண்மைப் பதிப்புகளில் இதற்கென்றே ‘ஜிக் டெஸ்ட்-ஆப்ஜ்’ கட்டளை உண்டு. பில்ட் கோப்பில் ‘ஆட்டெஸ்ட்’ அழைப்பில் ‘எமிட்_ஆப்ஜெக்ட்’ விருப்பத்தை ‘ட்ரூ’ ஆக்கினாலும் அதே பலன் கிடைக்கும். வரும் கோப்பைச் சிமேக்கிடம் ஒப்படைத்துவிடலாம்.

ஆனால் உடன்வரும் டெஸ்ட் ரன்னர் (சோதனைகளை ஓட்டும் நிரல்), இயங்குதளம் ஒன்று அடியில் இருப்பதாக நம்பி எழுதப்பட்டது. ஆகவே சொந்தமாக ஒரு சிறு ரன்னர் எழுதுங்கள்: ‘பில்டின்.டெஸ்ட்_ஃபங்ஷன்ஸ்’ பட்டியலில் ஒவ்வொரு சோதனையின் பெயரும் ஃபங்ஷனும் இருக்கும். அவற்றை வரிசையாக அழைக்கும் ஒரு ஃபங்ஷனை எக்ஸ்போர்ட் செய்து, ஐடிஎஃப் முதலில் அழைக்கும் ‘ஆப்_மெயின்’ ஃபங்ஷனின் உள்ளிருந்து கூப்பிட்டால் போதும். பெயரை, சோதனையை ஓட்டுவதற்கு முன்பே சீரியல் போர்ட்டில் அச்சிடுவது மிக முக்கியம். எரர் திரும்பினால் ரன்னர் அடுத்ததற்குப் போகும். பேனிக் (மீள முடியாத பிழை) ஆனாலோ ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், எந்தச் சோதனையில் நின்றது என்பதற்கு அந்த வரி ஒன்றே சாட்சி.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. எனினும் சிக்கல் பெரும்பாலும் லிங்க் கட்டத்தில்தான் வரும். சி3 சில்லில் மிதவைப்புள்ளி வன்பொருள் இல்லை. ஜிக்கின் பொதுவான 32-பிட் ரிஸ்க்-வி இலக்கோ அது இருப்பதாக எடுத்துக்கொள்வதால், இரண்டின் ஏபிஐயும் (ஃபங்ஷன்களுக்கிடையே மதிப்புகளைக் கடத்தும் மரபு) ஒத்துப்போகவில்லை என்று லிங்கர் மறுத்துவிடும். சிபியுவை ‘ஜெனரிக்_ஆர்வி32’ என்று கொடுத்து, எம் (பெருக்கல், வகுத்தல்), சி (சுருக்கிய கட்டளைகள்) ஆகிய இரு நீட்சிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பைலர்-ஆர்டி (வன்பொருள் நேரடியாகச் செய்யாத கணக்குகளுக்கான துணை ஃபங்ஷன்கள்) ஆப்ஜெக்ட் கோப்பில் தானாகச் சேராது. 128-பிட் கணக்குகள் இருந்து, லிங்கர் ஏதேனும் சிம்பல் இல்லை என்றால், அதைச் சேர்க்கும் விருப்பத்தை இயக்குங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ‘டெஸ்டிங்.அலொகேட்டர்’ பயன்படுத்தும் சோதனைகளை என்ன செய்வது?

மறுமொழி 1

அது இயங்குதளத்திடம் நினைவகம் கேட்பது. சில்லில் நிலையான பஃபர் கொண்ட அலொகேட்டரைக் கொடுங்கள். நினைவகக் கசிவைக் கண்டுபிடிக்க, அதே சோதனைகளைக் கணினியிலும் வழக்கம்போல் ஓட்டி வாருங்கள்.